தீர்மானப் புத்தகத்தை எழுதுவது யார்?

"மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டது. விவாதிக்கப்பட்டது. ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது."

தமிழ் உரைநடையில் மிகுதியாக எழுதப்பட்ட வாக்கியங்கள் எவை என்று யாரேனும் கணக்கெடுத்தால் இம்மூன்றும் முன்வரிசையில் நிற்கும் என்பது நம் ஊகம். தமிழகத்தில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. பேரூராட்சிகள், நகராட்சிகள், ஒன்றியங்கள் வேறு. ஒவ்வொன்றிலும் ஒரு தீர்மானப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் இந்த மூன்று வாக்கியங்கள் ஏதோ ஒரு வரிசையில். கதையும் கவிதையும் பேசும் இடத்தில் ஊராட்சி நோட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மொழியின் மீது அக்கறை உள்ளவர்களே இந்த நோட்டை முதலில் படிக்க வேண்டும் என்பது நம் கட்சி. ஏனெனில் இது முழுக்க முழுக்கச் செயப்பாட்டு வினையால் எழுதப்பட்ட இலக்கியம். வைத்தவர் யார், விவாதித்தவர் யார், மறுத்தவர் உண்டா, மறுத்தவர் என்ன சொன்னார் எனும் கேள்விகள் எல்லாம் 'பட்டது' என்ற ஒரு விகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. 'ஏகமனதாக' என்ற சொல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

இந்த உரைநடையின் ஆசிரியர் ஒருவர் உண்டு. அவருக்கு அந்தக் கூட்டத்தில் வாக்கு கிடையாது. கிராம ஊராட்சியில் அவர் ஊராட்சி செயலர். ஊர் வழக்கில் இன்னும் 'பஞ்சாயத்து கிளார்க்' தான். பேரூராட்சியில் செயல் அலுவலர். நகராட்சியில் ஆணையர். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவெடுக்கிறார்கள், அலுவலர் குறித்துக்கொள்கிறார் என்பது ஏட்டில் உள்ள ஏற்பாடு. நடப்பில் எதைப் பேசலாம் என்று முன்கூட்டி எழுதுபவரும், பேசியது இதுதான் என்று பின்னால் எழுதுபவரும் ஒருவரே. இடையில் நடக்கும் பேச்சுக்கு மட்டும்தான் மற்றவர்கள்.

ஆலங்குளத்தை எடுத்துக்கொள்வோம். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் அன்று. ராஜபாளையத்துக்குக் கிழக்கே கரிசல் நிலத்தில் கிடக்கும் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அந்தப் பெயரைச் சொன்னதும் வெளியூரார்க்கு நினைவு வருவது சிமெண்ட் ஆலை. 1970இல் தொடங்கியது, 1976இல் உருவான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் கைக்கு வந்தது. பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல், பூமிக்கு மேலே அரசின் ஆலை. இப்படியொரு ஊரில் பெரிய முடிவுகள் ஊருக்கு வெளியே எடுக்கப்படுவதில் வியப்பில்லை. கல் எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, எந்த விலைக்கு விற்பது என்பதெல்லாம் சென்னை சார்ந்த விஷயம். ஊரார் கையில் எஞ்சுவது தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வாய்க்கால், வீட்டு வரி. எஞ்சிய அந்தச் சிறு வட்டத்திலாவது பேசியது பேசியபடி எழுதப்படுகிறதா என்பதே இங்குக் கேள்வி. ஆலங்குளத்தைப் பெயராகச் சொல்கிறோமே ஒழிய, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் செயல் அதிகாரி ஊராட்சித் தலைவரே. காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் கையெழுத்திடுவதே நெடுநாளைய நடைமுறை. செயலர் அவர்களுக்குக் கீழே பணிபுரிபவர். கணக்கும் பதிவேடும் அவர் பொறுப்பு. தலைவர் வரம்பு மீறினால் மாவட்ட ஆட்சியர், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில், 205ஆம் பிரிவின் கீழ் அவரைப் பதவியிலிருந்து நீக்கும் அளவுக்குப் போகலாம். அந்த ஆட்சியருக்கு ஊராட்சியில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும் முதல் சாட்சி தீர்மானப் புத்தகம்தான். ஆக, தலைவருக்குக் கீழே இருப்பவர் எழுதும் புத்தகத்தை வைத்துத் தலைவருக்கு மேலே இருப்பவர் தீர்ப்புச் சொல்கிறார். செயலரின் பேனாவுக்கு இருக்கும் எடை இதிலிருந்து புரியும்.

நகராட்சியில் இதன் நேர்த்தி இன்னும் கூடுதல். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்பாக உறுப்பினர்களுக்கு ஓர் அஜெண்டா வரும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே 'அலுவலகக் குறிப்பு' என்று ஒரு பத்தி. எந்தப் பணி, என்ன மதிப்பீடு, எந்த நிதி, ஏன் அவசரம் என்று எல்லாவற்றையும் அந்தப் பத்தியே சொல்லிவிடும். 'அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணிக்கு மன்றத்தின் பின்னேற்பு' என்ற வகைக் குறிப்புகளில் வேலையே முடிந்துபோயிருக்கும். மன்றம் கூடுவது முடிந்த வேலையை வாழ்த்த. பத்துப் பக்க அலுவலகக் குறிப்புக்கு எதிராக ஓர் உறுப்பினர் எழுந்து நின்று பத்து நிமிடம் பேசினாலும் ஏட்டில் அது ஒரு வரி. பல வேளைகளில் அந்த வரியும் இருப்பதில்லை.

கிராம சபையின் நிலை வேறு விதமானது. அங்கே உறுப்பினர் என்று தனியாக எவரும் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் உறுப்பினரே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, 2022இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22உம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1உம் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்றானது. ஒன்றியத்திலிருந்து ஒரு பற்றாளர் வந்து அமர்வார். ('பற்றாளர்' என்ற சொல்லை அரசுத் தமிழில் யார் உண்டாக்கினார்களோ, அழகிய சொல். எதன்மீது பற்று என்பதுதான் விளங்கவில்லை.) பொருள் நிரலின் பெரும்பகுதி மேலிருந்து வரும் சுற்றறிக்கையில் இருக்கும். நீலகிரியின் மலைக் கிராமத்துக்கும் ஆலங்குளத்தின் கரிசலுக்கும் ஒரே நிரல். அதைச் செயலர் படிப்பார். வந்தவர்களின் கையெழுத்து வாங்கப்படும். பல ஊர்களில் நண்பர்கள் நம்மிடம் சொல்லும் ஒரு விஷயம், கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு என்பதாகும். வெற்றுத்தாளின் கீழ்ப்பகுதியில் ஊர் கையெழுத்திடும். மேற்பகுதி அலுவலகத்தில் பின்னர் நிரம்பும்.

இந்த ஏற்பாட்டை ஒருவர் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? ஆலங்குளத்துக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஓர் ஊரில் அதற்கு விடை கிடைத்தது. 2023 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே பிள்ளையார்குளம் ஊராட்சியின் கிராம சபை கூடியது. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் அதிகாரிகளும் இருந்தனர். கேள்வி கேட்ட ஒரு விவசாயியை ஊராட்சி செயலர் கூட்டத்தின் நடுவே காலால் உதைத்தார். யாரோ எடுத்த காணொளி நாடெங்கும் பரவியது. செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். செய்தித்தாள்கள் இதைத் தனி மனிதரின் வெறியாக எழுதின. வழக்கும் நடவடிக்கையும் அவ்வாறே அமைந்தன. அது தவறில்லை. நமக்கு உறுத்துவது வேறொன்று. கைபேசி இல்லாத காலத்தில் அதே சபையில் அதே நிகழ்ச்சி நடந்திருந்தால் அன்றைய நடவடிக்கைக் குறிப்பை எழுதியிருக்கக்கூடியவர் யார்? உதைத்தவரேதான். 'உறுப்பினர்களின் கேள்விகளுக்கு உரிய விளக்கம் அளிக்கப்பட்டது' என்று அந்த ஏடு இன்று நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். இலக்கணப் பிழை ஒன்றும் இருந்திருக்காது.

எழுதாமல் விடுவதும் ஒருவகை எழுத்துதான். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் கூட்டப் புகைப்படம் ஒன்று வெளிவந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். வழக்குப் பதிவானது. அப்போது பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர் ஊராட்சி செயலர். கூட்டத்தில் இருந்தும் நடந்ததை மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை என்பது அவர்மீது வந்த குற்றச்சாட்டு. ஓர் அலுவலர் கூட்டத்தில் அமர்வதன் பொருள் என்ன என்பதை அந்த நடவடிக்கை தன்னையறியாமல் வரையறுத்துவிட்டது என்று நாம் கருதுகிறோம். அவர் அரசின் கண்ணாகவும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

இதே அதிகாரம் நல்ல வழியில் செலுத்தப்பட்ட வரலாறும் நம் பக்கத்தில் உண்டு. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றோடு நம் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலும் சேர்ந்து, நான்கு ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே ஊராட்சி இயங்கவில்லை. வேட்புமனு வராது; வந்து வென்றாலும் வென்றவர் உடனே விலகல் கடிதம் கொடுப்பார். அலுவலகம் அதைப் பெற்றுக்கொள்ளும். கோப்பைப் பொறுத்தவரை எல்லாம் முறைப்படியே நடந்தன. தேர்தல் அறிவிக்கப்பட்டது, கடிதம் பெறப்பட்டது, இடம் காலியாக அறிவிக்கப்பட்டது. மறுபடியும் அதே 'பட்டது'. 2006இல் மதுரை ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் போன்றவர்கள் கோப்பை மூடிவிட்டு ஊருக்குள் போய்ப் பேசினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது; தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். முடிவெடுத்தது ஊர்தான். ஊர் முடிவெடுக்கும் நிலையை உண்டாக்கியது அலுவலர். அலுவலரின் பங்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

இனி, அலுவலர் மட்டுமே இருந்து மன்றமே இல்லாத காலத்தைப் பார்ப்போம். இது அரிய விபத்து அன்று. நம் மாநிலத்தின் பழைய நோய். 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்த பின் அடுத்த தேர்தல் 1986இல்தான். சென்னை மாநகராட்சி 1973 முதல் 1996 வரை மன்றமின்றி நடந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் சொன்ன பிறகும் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. நம் மாவட்டத்தின் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து 2020 ஜனவரியில் தலைவர்கள் வந்தார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளுக்கோ 2022 பிப்ரவரியில்தான் தேர்தல். அதாவது ஒரு மன்றத்தின் முழு ஆயுளான ஐந்தாண்டைத் தாண்டி, மன்றமே இல்லாமல் ஓடியது. 2025 ஜனவரி 5இல் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

இக்காலத்துத் தீர்மானப் புத்தகங்களைப் படிப்பது தனி அனுபவம். கூட்டம் நடக்கும், நாளும் எண்ணும் இருக்கும், பொருள் வைக்கப்படும், தீர்மானம் நிறைவேறும். நகராட்சியில் ஆணையரே தனி அலுவலர். ஆணையர் தயாரித்த குறிப்பைத் தனி அலுவலரின் பார்வைக்கு வைப்பார். தனி அலுவலர் அதை ஆராய்ந்து அனுமதிப்பார். அனுமதியை ஆணையர் நிறைவேற்றுவார். மூவரும் ஒரே நாற்காலியில் ஒரே பேனாவோடு இருப்பவர். 'ஏகமனதாக' என்ற சொல் தன் முழுப்பொருளில் வழங்கிய காலம் என்றால் அதுதான்! கிராமங்களில் இப்பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு வந்தது. விருதுநகர் மாவட்டத்தில் 11 ஒன்றியங்கள், 450 ஊராட்சிகள். சராசரியாக ஒரு ஒன்றியத்துக்கு 40 ஊராட்சிகள். எவ்வளவு நேர்மையானவராயினும் ஓர் அலுவலர் 40 ஊருக்கு மன்றமாக இருக்க முடியாது. 40 இடங்களில் கையெழுத்திடலாம். ஊருக்குள் இருந்து எல்லாம் அறிந்தவர் அப்போது யார்? மறுபடியும் செயலர்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கிராம சபைக்குப் பதவிக்காலம் இல்லை. தலைவர் போனாலும் உறுப்பினர் போனாலும் வாக்காளர் இருக்கிறார், சபை இருக்கிறது. தனி அலுவலர் காலத்தில் ஊர் கேள்வி கேட்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே மேடை அது. அந்த மேடையில் நடந்ததை எழுதும் நோட்டு இன்னும் கூடுதலாக முக்கியமாகிறது.

அலுவலருக்கும் மன்றத்துக்கும் உள்ள இந்த இழுபறி நம் ஊரின் தனிச்சொத்து அன்று. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூரின் மன்றக் கூட்டம் இணையவழி நடந்தது. எழுத்தராக இருந்து கூட்டத்தை நடத்த வந்த ஜாக்கி வீவர் என்ற பெண்மணியைப் பார்த்து, உமக்கு அதிகாரம் இல்லை என்று தலைவர் சத்தமிட, அவர் தலைவரையே கூட்டத்திலிருந்து ஒரு பொத்தானை அழுத்தி வெளியேற்றினார். 2021 பிப்ரவரியில் காணொளி வெளியாகி உலகமே சிரித்தது, அவர் கதாநாயகியானார். பின்னர் நடந்த விசாரணையோ, தலைவரை வெளியேற்றும் முறையான அதிகாரம் அவருக்கு இல்லை என்றே சொன்னது. அவர் இருந்த இக்கட்டையும் அது ஒப்புக்கொண்டது. முரட்டு உறுப்பினர்களை அடக்கிய அலுவலருக்குக் கைதட்டுவது எளிது. அதே பொத்தான் நம் பிள்ளையார்குளத்தில் யார் கையில் இருந்திருக்கும் என்று எண்ணினால் கை தானாக நின்றுவிடும்.

நம் முன்னோர் இதைப்பற்றி நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலைக்காகப் புகழ்பெற்றவை. மேடைதோறும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவற்றில் அலுவலர் எங்கே இருக்கிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் அரசன் ஆணையின்படி ஓர் அதிகாரி சபையோடு உடனிருந்ததாகக் குறிப்பு உண்டு. உடனிருந்தார், விதி செய்தது சபை. எழுதுவதற்கு மத்யஸ்தன் என்று ஒருவர். முப்பது குடும்புகளுக்கும் ஓலையிட்டுக் குடம் குலுக்கும் நாளில், ஒன்றுமறியாச் சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்யஸ்தன் எப்படி வாங்க வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை உரக்கப் படிக்க வேண்டும். அவர் படித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். அதன் பிறகே அந்தப் பெயர் ஏட்டில் ஏறும்.

விரலிடுக்கில் இன்னோர் ஓலை இருக்கலாம் என்ற சந்தேகம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது! அதைவிட, படிப்பவர் தவறாகவோ வேண்டுமென்றோ மாற்றிப் படிக்கலாம் என்ற சந்தேகமும். அதற்கு அவர்கள் கண்ட மருந்து மத்யஸ்தனை நீக்குவது அன்று. அவர் கையை விரிக்க வைப்பது, மற்றவரையும் படிக்க வைப்பது. கணக்கு எழுதுபவருக்கும் அப்படியே. முன் எழுதிய கணக்கைத் தானே காட்டிச் சுத்தன் என்று பெயர் வாங்காதவர் மறுபடி கணக்கெழுத முடியாது. ஒருவர் எழுதிய கணக்கை வேறொருவரைக் கொண்டு முடிக்கவும் கூடாது. (அச்சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கே இடம் என்பதை மறந்துவிட்டு இதைப் பாராட்டவில்லை. சபைக்குள் யார் என்பதில் அவர்கள் குறுகியவர்கள். சபைக்குள் எப்படி என்பதில் நம்மைவிடக் கறாரானவர்கள்.)

செயலர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை ஒருபக்கமாகிவிடும். ஊராட்சி செயலர் பெரிய சம்பளக்காரர் அல்லர். மேலே ஒன்றியம், எதிரே தலைவர், சுற்றிலும் சொந்த ஊர். 2019 தேர்தல் முதல் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பல இடங்களில் கூட்டத்தில் வந்து அமர்பவர் தலைவரின் கணவர். நோட்டில் 'தலைவர் தலைமையில்' என்று எழுத வேண்டியவர் செயலர். உள்ளதை எழுதினால் அடுத்த வாரம் அவர் வேலை இருக்குமா என்பது ஐயம். எழுதாவிட்டால் தெற்குத்திட்டையைப்போல ஒருநாள் எல்லாப் பழியும் அவர் தலையில். அவரைத் துணிச்சல் இல்லாதவர் என்று ஏசுவதில் பயனில்லை. அவர் தனியறையில் எழுதும் வரை இந்த இக்கட்டு தீராது. ஊர் முன்னால் எழுதினால், 'எல்லோரும் கேட்டார்கள், எழுதினேன்' என்று அவருக்கும் ஒரு காப்பு கிடைக்கும்.

எனவே நாம் கேட்பது சிறியது. புதிய சட்டம் வேண்டாம். பேச்சுப் பயிற்சி வேண்டாம். கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானம் எழுதி முடிக்கப்பட வேண்டும். எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும். செயலர் படித்ததைக் கூட்டத்தில் வேறு இருவரும் படித்துப் பார்க்க வேண்டும். மறுத்தவர் பெயரும் அவர் சொன்னதும் செய்வினையில் எழுதப்பட வேண்டும்: இன்னார் இப்படிச் சொன்னார், இன்னார் இதற்கு உடன்படவில்லை. அதற்குக் கீழேதான் கையெழுத்து. கால்மணி நேரம் கூடுதலாகும். இப்போதே பல சபைகள் அரைமணி நேரத்தில் முடிவதால் நேரத்துக்குப் பஞ்சமில்லை.

கிராம ஊராட்சிகளுக்கென்று சென்னை மாகாணம் கண்ட 1950ஆம் ஆண்டுச் சட்டம் பூ. ச. குமாரசாமி ராஜா முதலமைச்சராக இருந்தபோது வந்தது. ராஜபாளையத்துக்காரர் அவர். அரசு முத்திரையில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையது என்று பரவலாகச் சொல்வார்கள். ஆலங்குளத்து ஊராட்சிக்கு வரும் ஒவ்வொரு சுற்றறிக்கையின் தலையிலும் பக்கத்து ஊர்க் கோபுரம் இருக்கிறது என்று பெருமைப்படலாம். அடுத்த சபை கூடும்போது, சுற்றறிக்கையைப் படித்து முடித்ததும் வரிசையாகக் கைமாறி வரும் அந்த நீள நோட்டை வாங்குகிறவர்கள், கையெழுத்திடும் முன் மேலே பார்க்க வேண்டும். அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. எழுதியிருந்தால் உரக்கப் படிக்கலாம். எழுதாமலிருந்தால் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எழுதும் வரை காத்திருக்கலாம்.